என்ர பிழை

மணிக்கு எழுபது பிராங், பயணக் காசு தனி.
சேர்க்கமாட்டேன், விடமாட்டேன்,
ஓரிடத்தில் கேட்டதை இன்னோரிடம் கொண்டுபோகமாட்டேன்
என்று ஆண்டுக்கொருமுறை கையெழுத்து வைக்கிறேன்.

ஒல்ரன் காணிப் பதிவகம், இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஆரே ஆறு
மழை ஓய்ந்து, பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில்.
திரு. ஸ்டூடர் கோப்பைத் திறந்து வாசிக்கிறார்:
திறிம்பாக், மூன்றரை அறை,
நிலவறை இலக்கம் பதினொன்று,
உரிமையாளர் கமலசேகரம்.
அதற்குக் கீழே ஒரு வரி அகலத்துக்கு வெள்ளை.

"இவவின்ர பேரும் இருக்கவேணும்.
பதிஞ்ச ஆக்கள் விட்டிட்டினம்"
என்கிறார் கமலசேகரம்.
சொல்கிறேன்.

ஸ்டூடர் விரலை நாவில் தொட்டுத் தாள் புரட்டுகிறார்.
எழுத்துப் பிழை என்றால் நானே திருத்துவேன்,
ஐந்து நிமிடம், செலவில்லை.
ஆனால் மூலப்பத்திரத்திலும் ஒரு பெயர்தான்.
எழுதச் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறோம் போலிருக்கிறது.
அப்படியானால் புதுப்பத்திரம் வேண்டும், கட்டணம் உண்டு.
ஆகவே கேட்கிறேன்:
அன்றைக்கு உங்கள் எண்ணம் என்ன?
சொல்கிறேன்.

சுகுணவதி கைப்பையின் ஸிப்பைத் திறந்து மூடுகிறா.
முற்பணம் எண்பதாயிரத்தில்
நாற்பத்திரண்டு அவ கட்டிய சீட்டுக் காசு.
இங்கே யாரும் இதைச் சொல்லவில்லை.
போன மாதம், வேறொரு கட்டடத்தில்,
பிரிந்துபோவது பற்றி அவ விசாரிக்க வந்தபோது
பக்கத்துக் கதிரையில் இருந்ததும் நான்தான்.
அங்கே கேட்டதை இங்கே கொண்டுவரக் கூடாது.

கமலசேகரம் மேசை விளிம்பை வெகுநேரம் தடவினார்.
பிறகு ஒருவரையும் பாராமல்,
"பிழைதான்.
என்ர பிழை."

இந்த இடத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.
நம்மிடம் ஒரு சொல்.
கணக்கில் ஒன்றை விட்டதும் பிழை,
கட்டினவளை விட்டதும் பிழை.
அகதிப் பதிவு, பாத்திரம் கழுவல், பனி,
எல்லாம் தாண்டி எப்படியோ பிழைத்தோம் என்கிறோமே,
அதற்குள்ளும் அது கிடக்கிறது.
ஜெர்மனில் ஃபேலர் என்றால் ஸ்டூடர் பேனாவை எடுப்பார்.
ஷுல்ட் என்றால் நிமிர்ந்து பார்ப்பார்.
அந்தச் சொல்லில் குற்றமும் கடனும்
ஒரே பாயில் படுத்திருக்கின்றன.

நான் வாய் திறக்கவில்லை, அதற்குள்
சுகுணவதி ஜெர்மனில் சொன்னா.
முதியோர் இல்லத்துச் சமையலறையில்
பத்தொன்பது வருடம் பொறுக்கிய ஜெர்மன்,
வினைச்சொல் எங்கே நின்றாலும் கவலைப்படாத ஜெர்மன்:

"எழுத்துப் பிழை இல்லை ஐயா.
அண்டைக்கு எனக்கு வேலை.
இவர் தனியப் போனார்.
தனியப் பேர் எழுதினார்.
புதுப்பத்திரம் எவ்வளவு?"

இனி நான் யாருக்கு மொழிபெயர்க்க?
கமலசேகரத்துக்கு எல்லாம் விளங்கியிருந்தது,
காது மடல் சிவந்திருந்தது.
ஸ்டூடர் கணக்குப் பொறியைத் தட்டி
ஆயிரத்துச் சொச்சம் என்றார்.
"அரைவாசி நான் தாறன்" என்றா சுகுணவதி,
இம்முறை தமிழில், அவரிடம்.
"அரைவாசிக்குத்தானே பேர்."

பெயரை எழுத்தெழுத்தாய்க் கேட்டார் ஸ்டூடர்.
எஸ், ஊ, கா, ஊ, என், ஆ,
ஃபௌ, ஆ, டே, ஹா, ஈ.
"ஹாவை விட்டிடாதேங்கோ.
வதிவிட அட்டையில் ஒருக்கா விட்டு
எட்டு மாசம் அலைஞ்சனான்.
அது எழுத்துப் பிழை."
இதை நான் மொழிபெயர்த்தேன்.
ஸ்டூடர் சிரிக்கவில்லை. வரைவை அச்செடுத்து நீட்டினார்.
அவ பதினொரு எழுத்தையும் விரல் வைத்து வாசித்தா.

என் படிவத்தில் எழுதினேன்:
ஐம்பது நிமிடம், ஒரு மணியாகக் கணக்கிடவும்.
மொழிபெயர்ப்பில் விடுபட்டது ஏதும் உண்டா?
இல்லை.

படியிறங்கும்போதுதான் உறைத்தது,
அவர் சொன்ன மூன்று சொல்லை
நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.
அது வாய்க்குள்ளேயே கிடந்தது.
மழை மறுபடி தூறியது. கமலசேகரம் குடையை விரித்துக்கொண்டு
பேருந்துத் தரிப்பிடத்தில் சற்று விலகி நின்றார்,
இன்னொருவருக்கு இடம் இருக்குமாறு.
சுகுணவதி பைக்குள் கைவிட்டுத்
தன் குடையைத் தேடிக்கொண்டிருந்தா.